நாயோடு ஜெர்மனிக்கு: சென்னையிலிருந்து பெர்லின் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

2022 டிசம்பரில் நானும் என் கணவரும் மடிப்பாக்கத்திலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தோம். கூடவே இரண்டு நாய்கள். மணி, தெருவில் குட்டியாகக் கிடைத்த நாட்டு நாய், அப்போது ஏழு வயது. புஜ்ஜி, லேப்ரடார், நான்கு வயது. வந்த நாளிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் என்று பலரும் கேட்கிறார்கள். பாதி கேள்விகள் காகிதத்தைப் பற்றியவை. மீதி, "அங்கே ஜனங்க எப்படி?" என்பதைப் பற்றியவை. காகிதம் ஐந்தாறு மாதத்தில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் இன்னும் முடியவில்லை.

எத்தனை மாதத்துக்கு முன்னால் வேலையை ஆரம்பிக்க வேண்டும்?

ஆறு மாதம். குறைந்தது ஐந்து. விசா வந்த பிறகு நாயைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்தால் நாய் ஊரிலேயே நிற்கும்.

ரேபிஸ் கட்டுக்குள் இருக்கும் நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் நம் நாய்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். வரிசை இதுதான்: முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப். அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம் ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. முடிவு எப்போது வந்தது என்பது கணக்கில்லை, ரத்தம் எடுத்த தேதிதான் கணக்கு. இந்த மூன்று மாதத்தை யார் சிபாரிசிலும் குறைக்க முடியாது.

கடைசியாக, பயணத்துக்குப் பத்து நாளுக்குள் அரசு கால்நடை மருத்துவர் தரும் ஐரோப்பிய சுகாதாரச் சான்றிதழ். சென்னையில் இதற்கு மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் டிக்கெட் போடும் முன் ஜெர்மன் சுங்கத் துறையின் இணையதளத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் நாய்க்கு ஏற்கெனவே ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது. சிப் மட்டும் இப்போது போட்டால் போதாதா?

போதாது. சிப்புக்கு முன்னால் போட்ட ரேபிஸ் ஊசியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சிப் போட்ட பிறகு மறுபடியும் ஊசி, அதிலிருந்து மறுபடியும் 30 நாள். நிறைய பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நாங்கள் விழுந்த இடம் வேறு. சிப் எண்ணில் 15 இலக்கம் இருக்கும். நாங்கள் போன கிளினிக்கில் மணியின் தடுப்பூசிப் புத்தகத்தில் பதினோராவது இலக்கத்தை 6 என்பதற்குப் பதிலாக 0 என்று எழுதிவிட்டார்கள். ஆய்வகத் தாளில் சரியான எண், புத்தகத்தில் தவறான எண். பயணத்துக்கு எட்டு நாள் முன்பு, சாப்பாட்டு மேசையில் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்து என் கணவர் ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்க, நான் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மறுநாள் ஓடிப்போய் திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். சிப் போட்ட அன்றைக்கே ரீடரை வைத்துப் படிக்கச் சொல்லி, எண்ணை நீங்களே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாய்களைக் கொண்டுவர முடியாது?

பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல்டெரியர், புல்டெரியர் ஆகிய நான்கையும், அவற்றின் கலப்பையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல். நம் ஊரில் காவலுக்கு வளர்க்கும் ராட்வைலர் பவேரியாவில் இரண்டாம் வகை ஆபத்தான நாய்ப் பட்டியலில் வரும். அதன் குணத்தைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். மியூனிக்கில் வேலை கிடைத்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எதுவும் நாட்டளவிலான அந்தத் தடையில் வராது. நாட்டு நாய்க்கும் சிக்கல் இல்லை. ஆனால் படிவத்தில் இனம் என்ற கட்டத்தில் "மிஷ்லிங்" என்று எழுதச் சொன்னார்கள். கலப்பினம் என்று பொருள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆயிரக்கணக்கான வருஷமாக நம் தெருவில் இருக்கிற நாய் அது.

விமானத்தில் நாய் பயந்துவிடாதா? மயக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. உயரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. மயங்கிய நிலையில் இருக்கும் நாயை விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்ளவும் தயங்கும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களைப் பல நிறுவனங்கள் சரக்கு அறையில் ஏற்றுவதே இல்லை.

மருந்துக்குப் பதில் பழக்கம். கூண்டை மூன்று மாதம் முன்பே வாங்கி ஹாலில் கதவு திறந்து வைத்துவிட்டோம். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்று திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து விதி. புஜ்ஜி முதல் நாளே உள்ளே போய்ப் படுத்துக் குறட்டை விட்டது. மணி இரண்டு வாரம் கூண்டை மோப்பம் பிடித்தபடி தள்ளியே நின்றது. தெருவில் பிறந்த நாய்க்குக் கூண்டு என்றால் மாநகராட்சி வண்டி நினைவு வருமோ என்னவோ. கடைசியில் என் பழைய காட்டன் புடவையை மடித்து உள்ளே விரித்த பிறகுதான் நுழைந்தது. அந்தப் புடவையோடுதான் பிராங்ஃபர்ட் வரை வந்தது.

செலவு? நாய்களின் பயணம் எங்கள் இருவர் டிக்கெட்டைவிட அதிகமானது.

இறங்கியதும் தனிமைப்படுத்தி வைப்பார்களா?

காகிதம் சரியாக இருந்தால் இல்லை. சுங்கத்தில் சிவப்பு வழியில் போய் நாய் இருக்கிறது என்று நீங்களே சொல்ல வேண்டும். சிப்பைப் படிப்பார்கள், தாளைப் பார்ப்பார்கள், முத்திரை குத்துவார்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் வரிசை. காகிதம் தவறாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் தனிமைப்படுத்துவார்கள்.

ஒரு விஷயம். நாய்க்காகக் கோழிக் கழுத்து, ஆட்டு ஈரல் பொடி என்று எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைக் கையில் கொண்டுவரத் தடை. நாய்க்கு என்றாலும் தடைதான்.

பிராங்ஃபர்ட்டிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் வந்தோம். பெட்டிக்குள் அடங்காத நாய்க்கு அப்போது பாதிக் கட்டணம், கழுத்தில் பெல்ட், வாயில் மஸில் என்கிற வாய்ப்பூட்டு. மஸில் போட்டு உட்கார வைக்க சென்னையிலேயே பழக்குங்கள். நாங்கள் பழக்கவில்லை. புஜ்ஜி நான்கு மணி நேரமும் அதை என் முழங்காலில் தேய்த்துக்கொண்டே வந்தது.

நாய் இருந்தால் வாடகைக்கு வீடு கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. பெர்லினில் நாய் இல்லாதவர்களுக்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. நாய், பூனை எதுவுமே கூடாது என்று ஒப்பந்தத்தில் பொத்தாம்பொதுவாகப் போடும் நிபந்தனை செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பு நியாயத்தையும், அக்கம்பக்கத்தாரின் வசதியையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் இது குடியேறிய பிறகு உதவும் சட்டம். வீடு பார்க்க வரும் நாற்பது பேரில் நாய் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்காரருக்குத் தடை இல்லை.

நாங்கள் செய்தது: முதல் மூன்று மாதம் நாயை அனுமதிக்கும் தற்காலிக வீடு, வாடகை கூடுதல். அந்த மூன்று மாதத்தில் நிரந்தர வீட்டுக்கு விண்ணப்பித்தபோது சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதத்தோடு நாய்களின் இன்சூரன்ஸ் சான்றையும், முந்தைய வீட்டுக்காரர் எழுதிய இரண்டு வரியையும் வைத்தோம். நாயை மறைத்து வீடு எடுக்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். மணியின் குரலைக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நாய்க்கு வரி கட்ட வேண்டுமாமே, உண்மையா?

உண்மை. "ஹுண்டஷ்டொயர்" என்று பெயர். நகராட்சிக்கு நகராட்சி தொகை வேறு. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 180. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பழகிய நமக்கு இரண்டாவதுக்கு விலை ஏறுவது விசித்திரமாக இருக்கும். நோக்கமே அதுதான், ஊரில் நாய் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது.

இதைத் தவிர, பெர்லினில் நாய் யாருக்காவது சேதம் விளைவித்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம், குறைந்தது பத்து லட்சம் யூரோவுக்கு. 2022இலிருந்து நகரின் நாய்ப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் தபாலில் வரி அலுவலகத்திலிருந்து மணிக்கு ஓர் எண் வந்தது. மடிப்பாக்கத்தில் ஏழு வருஷம் இருந்தும் அதற்கு எந்த அலுவலகத்திலும் பெயர் கிடையாது. என் கணவர் அந்தக் கடிதத்தை மணிக்கு வாசித்துக் காட்டினார்.

அங்கே மக்கள் நாயை எப்படிப் பார்க்கிறார்கள்? எல்லாருக்கும் பிடிக்குமா?

பிடிக்கும் என்பதைவிட, நாய் அங்கே பொது வாழ்க்கையில் ஓர் ஆள் என்று சொல்லலாம். ஆளுக்கு உரிமையும் உண்டு, ஒழுங்கும் உண்டு. நம் ஊரில் இரண்டும் கிடையாது.

மடிப்பாக்கத்தில் மணியோடு நடந்தால் எதிரே வருபவர் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். இல்லையென்றால், "கடிக்குமா?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் டைகர் பிஸ்கட் போடுவார். தெருநாய்கள் குரைக்கும், மணி பதில் குரைக்கும், யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். பெர்லினில் "கடிக்குமா?" என்ற கேள்வியை இதுவரை நான்கைந்து முறைதான் கேட்டிருக்கிறேன். அங்கே கேட்பது, "ஆணா, பெண்ணா?" தன் நாயும் ஆண் என்றால் சிலர் தள்ளி நடப்பார்கள். பெல்ட் இல்லாமல் பாய்ந்து வரும் நாயின் சொந்தக்காரர் தூரத்திலிருந்தே "டேர் டுட் நிக்ஸ்!" என்று கத்துவார். அவன் ஒன்றும் செய்ய மாட்டான் என்று அர்த்தம். இந்த வாக்கியத்தை ஜெர்மானியர்களே கிண்டல் செய்வார்கள். கேட்டதும் புஜ்ஜியை என் பின்னால் இழுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

முன்பின் தெரியாதவர் நம்மிடம் பேச மாட்டார், நாயிடம் பேசுவார். முதல் மாதம் முழுக்க எங்கள் குடியிருப்பில் எனக்கு யாரும் வணக்கம் சொன்ன நினைவு இல்லை. மணிக்கு எல்லாரும் சொன்னார்கள். லிஃப்டில் குனிந்து, "நா, டூ?" என்று அதன் காதருகே. "என்னடா, எப்படி இருக்கே?" என்கிற மாதிரி. பிறகு அந்தத் தலை மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்க்கும். மணிக்கு வந்த அறிமுகங்களால்தான் எனக்கு நான்கு பேரைத் தெரியும்.

அடுத்தது நிச்சயமாக வரும் கேள்வி: "ருமேனியாவா?" ருமேனியாவின் தெருநாய்களைத் தத்தெடுப்பது ஜெர்மனியில் பரவலான வழக்கம். அதனால் பழுப்பு நிறத்தில், நிமிர்ந்த காதோடு, சுருண்ட வாலோடு எந்த நாய் வந்தாலும் ருமேனியா என்றே முடிவு. சென்னை என்றதும் கண்கள் விரியும். "அவ்வளவு தூரத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்தீர்களா!" என்பார்கள். காப்பாற்றவில்லை, வீடு மாறினோம், எங்களோடு அதுவும் வந்தது என்று விளக்குவேன். நம் தெருநாய்களை முழுக்கப் பரிதாபமாகவே பார்க்கும் அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஒட்டவில்லை. மணியை வளர்த்ததில் எங்கள் பங்கு பாதி, தெருமுனை இஸ்திரிக்காரர் பங்கு பாதி.

அப்புறம் அறிவுரை. பெல்ட் ரொம்ப இறுக்கம், நாய் கொஞ்சம் குண்டு, இந்தக் குளிரில் அதற்குக் கோட்டு இல்லையா, கோட்டு போட்டிருக்கிறீர்களே அதற்கு ரோமம் இல்லையா. வயதான பெண்மணி ஒருவர் புஜ்ஜியின் எடை குறித்து என்னிடம் பத்து நிமிஷம் பேசினார். எல்லாம் உண்மைதான் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. நம் ஊர் மாமிகள் குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சொல்லுவார்களே, அதே தொனி, அதே உரிமை.

நாயைப் பிடிக்காதவர்களும் உண்டு. நாங்கள் இருக்கும் நொய்க்கோல்ன் பகுதியில் துருக்கிய, அரபுக் குடும்பங்கள் அதிகம். சிலர் நாயின் எச்சில் துணியில் படுவதை விரும்ப மாட்டார்கள், குழந்தைகளை ஒதுக்கிக்கொள்வார்கள். அது எனக்குப் பழகிய விஷயம்தான், எங்கள் பாட்டி வீட்டிலும் நாய் வாசலோடு சரி. லிஃப்டில் அவர்கள் இருந்தால் அடுத்த முறை போகிறேன். படிக்கட்டில் பெல்ட்டைச் சுருட்டி நாயைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் இப்போது மணியைத் தொடாமலேயே அதன் நலம் விசாரிக்கிறார்.

எங்கெல்லாம் கூட்டிப் போகலாம், எங்கே கூடாது?

உணவகம், ரயில், புத்தகக் கடை, சில அலுவலகங்கள், எல்லாம் போகலாம். ஒருமுறை ஓர் உணவகத்தில் எங்களுக்கு மெனு வருவதற்கு முன்பே மேசைக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வந்துவிட்டது. சூப்பர்மார்க்கெட், விளையாட்டுத் திடல் கூடாது. பேக்கரி வாசலில் நாய்ப் படம் போட்ட சிறு பலகை இருக்கும். "நாங்கள் வெளியே இருக்க வேண்டும்" என்று நாயே சொல்வதுபோல எழுதியிருப்பார்கள். நிறைய பேர் நாயை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். நான் செய்வதில்லை. புஜ்ஜி யாரோடு வேண்டுமானாலும் கிளம்பிவிடும்.

பெர்லினில் 2019இலிருந்து பொது இடங்களில் பெல்ட் கட்டாயம். மாடிப்படி, ரயில் நிலையம், கூட்டமான இடங்களில் அதன் நீளம் ஒரு மீட்டருக்குள், பூங்காவில் இரண்டு மீட்டருக்குள். அவிழ்த்துவிட ஆசையா? அதற்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. டெம்பெல்ஹோஃப் பழைய விமான ஓடுதளத்தில் வேலி போட்ட நாய்த் திடல்கள். அதைவிட நல்லது குரூனவால்ட் காடு. ஏரிக்கரையில் நூறு நாயாவது சுற்றும். புஜ்ஜி அங்கேதான் முதன்முதலாக நீந்தியது.

மணிக்குத்தான் முதல் சில வாரங்கள் கஷ்டம். காலை நடையில் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, கார்களுக்கு அடியில் குனிந்து பார்க்கும். மடிப்பாக்கத்தில் அங்கேதான் அதன் கூட்டாளிகள் படுத்திருப்பார்கள். இங்கே தெருநாய் என்று ஒன்று கிடையாது. எல்லாக் காருக்கு அடியிலும் காலி.

ஆங், பை. கழிவை எடுக்கப் பை கையில் இல்லாமல் வெளியே போவதே சட்டப்படி தவறு. அதற்காக பெர்லின் நடைபாதை சுத்தமாக இருக்கும் என்று நினைத்து வராதீர்கள்.

நாய் குரைத்தால் பிரச்சினை வருமா?

வரும். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிறு முழுக்க அமைதி. நம் நாய்கள் பால்காரர், பேப்பர்காரர், சிலிண்டர் வண்டி எல்லாவற்றுக்கும் குரைத்துப் பழகியவை. குரைத்தால் நாமும் "நல்ல நாய்" என்று பாராட்டி வளர்த்திருக்கிறோம்.

மூன்றாவது வாரம் தபால் பெட்டியில் ஒரு காகிதம். எழுதியவர் பெயர் இல்லை, ஆனால் அழகான கையெழுத்தில்: செவ்வாய் 14.10 முதல் 14.35 வரை, வியாழன் 9.05 முதல் 9.20 வரை உங்கள் நாய் குரைத்தது. அவ்வளவுதான். திட்டு இல்லை, கோரிக்கை இல்லை, வெறும் கணக்கு. எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அந்தக் கணக்கே உதவியது. இரண்டு நேரமும் தபால்காரர், பார்சல்காரர் வந்த நேரம். வாசல் பக்கம் இருந்த மணியின் படுக்கையை உள் அறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, ரேடியோவை மெல்ல வைத்தோம். ஒரு பயிற்சியாளரிடம் ஆறு வகுப்பு போனோம். குரைப்பு முழுக்க நிற்கவில்லை, பாதியானது. காகிதம் மறுபடி வரவில்லை.

நாள் முழுக்கத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி நாய்க்குப் போதுமான வெளி நடையும் ஆள் துணையும் தர வேண்டும், சங்கிலியில் கட்டி வளர்க்கக் கூடாது. நம் ஊர் மொட்டை மாடி வளர்ப்பு இங்கே குற்றம்.

குளிர் தாங்குமா? என்ன சாப்பாடு?

தாங்கும். நாட்டு நாய்க்கு உள்ரோமம் குறைவு, அதனால் மணிக்கு மட்டும் கோட்டு. பனிக்காலத்தில் நடைபாதையில் தூவும் பொடிக்கல் விரலிடுக்கில் சிக்கும், வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கழுவிவிடுவோம். குளிரைவிடக் கோடைதான் தொல்லை, புல்லில் உண்ணி. சென்னையில் உண்ணிக்காய்ச்சல் வந்த நாய் என்றால் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். இங்குள்ள மருத்துவர்கள் அந்த நோயை நம் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவர்கள் போலத் தினமும் பார்ப்பவர்கள் இல்லை.

சாப்பாடு, கடைத் தீனி. வெள்ளிக்கிழமை தயிர்சாதம். அறிவுரை சொன்ன பெண்மணிக்கு இது தெரியாது.

புத்தாண்டு வெடி பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

தீபாவளியைத் தாண்டி வந்த நாய் என்று நாங்களும் அலட்சியமாக இருந்தோம். வந்து பத்து நாளில் டிசம்பர் 31. இங்கே வருஷத்தின் கடைசி மூன்று நாள்தான் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பனை, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிடுவார்கள். நொய்க்கோல்னில் பால்கனிக்கு நேரே ராக்கெட். புஜ்ஜி குளியலறைத் தொட்டிக்குள் போய்ப் படுத்தது. மணி, நீங்கள் நம்ப மாட்டீர்கள், சோபாவில் தூங்கியது. இப்போது அந்த வாரம் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் அறை எடுக்கிறோம். அக்டோபரிலேயே புக் செய்ய வேண்டும், எல்லா நாய்க்காரர்களும் அதையே செய்கிறார்கள்.

மருத்துவச் செலவு?

அதிகம். கட்டணத்துக்கு அரசு அட்டவணை உண்டு, அது 2022 நவம்பரில் உயர்ந்தது. நாயின் சாதாரணப் பரிசோதனைக்கு அடிப்படைத் தொகை 23.62 யூரோ, சூழ்நிலையைப் பொறுத்து மும்மடங்கு வரை வாங்கலாம். இரவு, வார இறுதி அவசரம் என்றால் தனியே 50 யூரோ சேரும். அறுவைசிகிச்சைக் காப்பீடு எடுத்துவிடுங்கள். நாய்க்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும்.

கருத்தடை செய்திருந்தால் தப்பாக நினைப்பார்களா?

இது நான் எதிர்பாராத வாக்குவாதம். நமக்குக் கருத்தடை என்றால் பொறுப்பு. ஜெர்மன் விலங்குநலச் சட்டத்திலோ காரணம் இல்லாமல் உடலுறுப்பை நீக்குவதற்குத் தடை இருக்கிறது. கட்டுப்பாடற்ற இனப்பெருக்கத்தைத் தடுப்பது விதிவிலக்கு, ஆனாலும் "ஏன் செய்தீர்கள்?" என்று பூங்காவில் கேட்பார்கள். தெருநாய்களே இல்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வருஷத்தில் எத்தனை குட்டி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அக்கா, எங்கள் நாய்க்கு 13 வயது. விட்டுவிட்டு வருவதா, கூட்டி வருவதா?

உங்கள் நாயைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இதயக் கோளாறோ மூச்சுத் திணறலோ இருந்தால் பத்து மணி நேரச் சரக்கு அறைப் பயணத்துக்கு நான் அனுப்ப மாட்டேன். அப்பா அம்மா வீட்டிலேயே வளர்ந்த நாய், அவர்களும் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் அங்கேயே இருக்கட்டும். அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் "யாராவது பார்த்துப்பாங்க" என்று காப்பகத்தில் விடுவது வேறு. அப்படி யோசிப்பவர்கள் வேலையை ஆறு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். எங்கள் நிறுவனம் ஒரே மின்னஞ்சலில் சம்மதித்தது. கேட்கத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது.

நம்மவர்கள் வீட்டுக்கு வந்தால்?

வருவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். பயப்படும் நண்பர்களுக்காக நாய்கள் படுக்கையறையில். என் அம்மா மூன்று மாத விசாவில் வந்தார், சமையலறைக்குள் நாய் வரக்கூடாது என்பது முதல் நாள் சட்டம். இரண்டாம் வாரம், சமையலறை வாசற்படியில் மூக்கு மட்டும் உள்ளே நீட்டிப் படுத்திருந்த மணிக்கு அப்பளம் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "உள்ளே வரலியே, மூக்கு தானே" என்றார்.

நாய்க்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். பயிற்சி வகுப்பில் "ஸிட்ஸ்", "பிளாட்ஸ்" என்று எல்லாரும் சொல்ல, நாங்கள் "உக்காரு", "படு" என்றோம். பயிற்சியாளர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "வா" மட்டும் அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

ஊருக்கு லீவில் போகும்போது என்ன செய்கிறீர்கள்?

நாய்களை விட்டுவிட்டுத்தான் போகிறோம். நாய் விடுதி இருக்கிறது, கிறிஸ்துமஸ் சமயம் என்றால் கோடையிலேயே இடம் நிரம்பிவிடும். நாங்கள் பூங்காவில் பழகிய ஒரு குடும்பத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் நாய் எங்கள் வீட்டில் பதினைந்து நாள், எங்கள் நாய்கள் அங்கே மூன்று வாரம்.

நாயையும் கூட்டிப் போகிற திட்டம் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ஜெர்மனியில் குடியேறியதும் கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் வாங்குங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் முன்பே ரேபிஸ் ரத்தப் பரிசோதனை செய்து அந்த முடிவை அதில் பதிந்திருந்தால், திரும்பி வரும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. ஆனால் அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பரிசோதனை முதலிலிருந்து. மணியின் அடுத்த ஊசித் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம், எங்கள் விசா தேதிக்குப் பக்கத்தில்.